பெஷ்காவின் முந்நூற்றுப் பன்னிரண்டு சாக்குகள்

மெல்பர்னில் எங்கள் கால்ஃபீல்டுப் பகுதியில் நோரீன் கப்லான்ஸ்கியிடம் கார் ஓட்டக் கற்காத யூதக் குடும்பம் ஏதாவது இருந்தால், அது இன்னும் டிராமில்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முப்பத்தைந்து வருடம் ஓட்டுநர் பயிற்சி கொடுத்தவள் அவள். பயிற்சிக் காரில் அவள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. காலால் போடுவதற்கு முன்னால் வாயால் போட்டுவிடுவாள். என் மூத்த மகன் அவளிடம்தான் கற்றான். இன்றைக்கும் ஈ காக்கை இல்லாத தெருவில்கூட விளக்குப் போட்டுத்தான் திரும்புகிறான். அத்தனை பயம்.

நான் ஜெனியா. நோரீனும் நானும் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய சண்டையை இன்னும் முடிக்கவில்லை. அவளைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவளும் இதை ஒத்துக்கொள்வாள். "வேற யாரு எழுதினாலும் நல்ல விதமா எழுதிடுவாங்க" என்று சொன்னவள் அவள்தான்.

முதலில் பெயர் விஷயம். எங்கள் வழக்கத்தில் உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டோம். அது அவரைச் சீக்கிரம் கிளம்பச் சொல்வது மாதிரி. செத்தவர் பெயரைத்தான் வைப்போம். போர் முடிந்து போலந்திலிருந்து மெல்பர்னுக்கு வந்து சேர்ந்த எங்கள் அப்பா அம்மாக்களிடம் செத்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. குழந்தைகள்தான் போதவில்லை. எனக்கே மூன்று பெயர்: ஜெனியா, ஃப்ரூமா, எல்கா. அப்பாவின் அம்மா, அம்மாவின் அக்கா, இன்னொரு சித்தி. நான் சூப்பை மிச்சம் வைத்தால் அம்மா மூன்று பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு என்மேல் புகார் சொல்வாள். ஒரு தட்டு சூப்புக்கு நான்கு பேராக உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

நோரீனுக்கு மட்டும் யார் பெயரும் இல்லை. 1951இல் ஆஸ்பத்திரியில் ஐரிஷ் நர்ஸ் ஒருத்தி தாளும் பேனாவுமாக வந்து நின்று, குழந்தைக்கு என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டாளாம். நோரீனின் அம்மா மிண்டா, "உங்க பேரு என்ன?" என்று திருப்பிக் கேட்டாள். "நோரீன்." "அதையே எழுதிடுங்க." அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் ஒவ்வொருத்தியும் ஒரு சின்ன இடுகாட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது, இவள் மட்டும் ஒரு நர்சின் பெயரோடு தனியாக நின்றாள்.

பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று என்னிடம் கேட்டாள்: "செத்தவங்க அத்தனை பேர்ல ஒருத்தர் பேருக்குக்கூட நான் லாயக்கில்லையா, ஜெனியா?" அறுபது வயதிலும் அதே கேள்வியைக் கேட்டாள். நடுவில் கல்யாணம் செய்து, மகள் பெற்று, கணவனை இழந்து, ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அந்த முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மிண்டாவிடம் கேட்டுப் பயனில்லை. ஊர் எது, வீட்டில் யார் யார், என்ன ஆனார்கள் என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில். "எல்லாரும் போயாச்சு. நீ சாப்பிடு." பேர்களைக்கூடச் சொன்னதில்லை.

ஆனால் மிண்டா வாயில்லாத பிராணி என்று நினைத்துவிடக் கூடாது. பகலில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் காலர் வைப்பாள். மாலையில் எழுதுவாள். அப்போது எங்கள் தாய்மொழி இத்திஷில் இரண்டு பேப்பர்கள். வெள்ளிக்கிழமைப் பேப்பர், எல்லாரும் புனித பூமிக்கு மூட்டை கட்டுங்கள் என்றது. திங்கட்கிழமைப் பேப்பர், எங்கே இருக்கிறோமோ அங்கேயே போராடுவோம் என்றது. இரண்டு பேப்பர்க்காரர்களும் கடைசிவரை மெல்பர்னிலேயே இருந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைப் பேப்பரில் மாதம் ஒருமுறை, 'ஒரு தையல்காரி' என்ற புனைபெயரில் மிண்டாவின் வேடிக்கைக் கதை வரும். கதாநாயகி பெஷ்கா. எதற்கும் நேரத்துக்கு வராத பெண்பிள்ளை. டிராமில் ஆடு ஏறிவிட்டது, பல் டாக்டர் தூங்கிவிட்டார், எதிர்வீட்டுக்காரி கொழுக்கட்டையை எண்ணச் சொன்னாள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் சாக்கு. கல்யாணம், பெயர் சூட்டல், தேர்தல், தீயணைப்பு, எல்லாம் அவளுக்காகக் காத்திருக்கும். கடைசியில் மூச்சிரைக்க வந்து நிற்பாள். கதை எப்போதும் ஒரே வரியில் முடியும்: "பெஷ்கா வந்தாச்சு, இனிமே ஆரம்பிக்கலாம்."

இருபத்தாறு வருடம், மாதம் ஒன்று. முந்நூற்றுப் பன்னிரண்டு கதை. என் அப்பா கழிப்பறையில் உட்கார்ந்து படித்துச் சிரிக்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். (எங்கள் குடும்பம் வெள்ளிக்கிழமைப் பேப்பர். சொல்ல மறந்துவிட்டேன்.)

மிண்டாவைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த இன்னொன்று அவளுடைய பழுப்புக் கைப்பை. நாடகமோ கூட்டமோ, எங்கே உட்கார்ந்தாலும் அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிடுவாள். "யாரோ வராங்க" என்பாள். யாரும் வரமாட்டார்கள். நாடக மன்றத்தில் இடம் காட்டும் ஆட்கள் இதற்காகவே அவளிடம் சண்டைக்கு நிற்பார்கள். அவளும் பிடித்த பிடியை விடமாட்டாள். கைப்பைக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கு என்று என் அம்மா கேலி செய்தாள். அடுத்த தடவை மிண்டா உண்மையாகவே இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

1991இல் மிண்டா போய்ச் சேர்ந்தாள். கதைகள் ஒரு பிஸ்கட் பெட்டியில், கைப்பை அலமாரியில். நோரீன் இரண்டையும் தொடவில்லை.

இருபத்து மூன்று வருடம் கழித்து, நோரீனின் மகள் யானா பிள்ளைத்தாய்ச்சியானாள். யானா, நோரீனின் செத்துப்போன மாமனார் யாங்கெல் பெயரின் முதல் எழுத்தைத் தாங்கியவள். பெண் குழந்தை என்று தெரிந்ததும், "அம்மா, பாட்டி பக்கத்துல யார் பேராவது வைக்கணும். யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டிருக்கிறாள். நோரீனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொல்ல ஒரு பெயர் இல்லை. பிஸ்கட் பெட்டியை இறக்கினாள்.

"முந்நூத்திப் பன்னிரண்டு கதை எழுதியிருக்கா. எங்கயாவது ஒரு இடத்துல வாய் தவறி ஒரு நிஜப் பேரைச் சொல்லாமலா இருப்பா?" என்றாள் என்னிடம். "ஒண்ணு போதும். ஒரே ஒரு நிஜமான ஆளு. என் பேத்தி என்னை மாதிரி அனாதைப் பேரோட திரியக் கூடாது."

குழந்தை பிறக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது. இத்திஷ் தெரியாத யானாவுக்காக, கதைகளை ஒவ்வொன்றாக இங்கிலீஷில் பெயர்க்க ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பையும் கார் மாதிரியே ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் நகர்வாள். புதன்கிழமை மதியம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதலில் இத்திஷில் வாசிப்பாள், பிறகு தன் இங்கிலீஷை. நாங்கள் ஏழு பேர் சீஸ் கேக்கைத் தின்றபடி திருத்துவோம். ஒரு வார்த்தைக்கு ஏழு திருத்தம் வரும். அன்றைக்கு யார் கேக் கொண்டுவந்தாரோ அவருடையது ஏற்கப்படும்.

யானா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, பெஷ்கான்னே வச்சிடலாமே. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

நோரீன் பிரேக்கை மிதித்தாள். "அது கதையில வர்ற ஆளுடி! நிஜமா இருந்து செத்தவங்க பேரைத்தான் வைக்கணும். இல்லாதவ பேரை வச்சா அது யார் பேருமில்லை. நோரீன் மாதிரிதான்."

எங்கள் வட்டத்துக்கு அப்போதுதான் லேய்சர் பிடெல்மன் வந்து சேர்ந்திருந்தார். வயது எண்பத்தெட்டு. திங்கட்கிழமைப் பேப்பர். அவர்களுக்கென்று வியாழக்கிழமை ஒரு வட்டம் இருந்தது. ஒவ்வொருவராகப் போய், கடைசியில் லேய்சர் மட்டும் மிஞ்சினார். அப்புறமும் மூன்று வாரம் தனியாகவே உட்கார்ந்து சத்தமாக வாசித்திருக்கிறார். வேறு வழியில்லாமல் எங்களிடம் வந்தார். வரும்போதே நிபந்தனை: "அந்த வெள்ளிக்கிழமைப் பேப்பர்ல நான் மீனைக்கூட மடிக்க மாட்டேன். அதுல வந்ததை யாராவது வாசிச்சா என் காதுல விழக் கூடாது."

சொன்னபடி செய்தார். நோரீன் பிஸ்கட் பெட்டியைத் திறந்தால் போதும், காது மிஷினைக் கழற்றிக் கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். அவர் கொள்கையோடு உட்கார்ந்திருப்பார்.

எரிச்சலூட்டும் மனிதர்தான். ஆனால் நேரம் தவற மாட்டார். இரண்டு மணிக் கூட்டத்துக்கு ஒன்றேகாலுக்கு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பார். சவ அடக்கத்துக்கு அவர் வந்து நின்ற பிறகுதான் பிணம் வரும் என்று ஊரில் பேச்சு.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை, அவர் பேரன் வாங்கிக்கொடுத்த புதுக் காது மிஷினோடு வந்தார். காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் ரகம். அதை எப்படிக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. விரலை விட்டுக் குடைந்தார். என்னிடம் காதை நீட்டினார்.

"நான் ஏன் கழட்டணும்? கேளுங்க. செத்தா போயிடுவீங்க?" என்றேன்.

நோரீன் இருநூற்று நாற்பதாவது கதையை எடுத்தாள். பெஷ்கா ஒரு கல்யாணத்துக்குப் புறப்படுகிறாள். ஒரு காலில் செருப்போடு, இன்னொன்றை நடந்துகொண்டே மாட்டிக்கொண்டு, நொண்டியடித்து வருகிறாள். வழியில் வாத்து துரத்துகிறது. நாங்கள் வழக்கம்போல் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். லேய்சர் சிரிக்கவில்லை. கொள்கை என்று நினைத்தேன். நோரீன் கடைசி வரிக்கு முன்னால் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள்.

லேய்சர் மெதுவாகச் சொன்னார்: "பெஷ்கா வந்தாச்சு, இனிமே ஆரம்பிக்கலாம்."

நோரீன் டம்ளரை வைத்தாள். "இந்தப் பேப்பரைப் படிச்சதே இல்லைன்னு சொன்னீங்களே, லேய்சர் மாமா? திருட்டுத்தனமா படிச்சீங்களா?"

"பேப்பர் எதுக்கு? எங்கப்பா கடை வாசல்ல நின்னு தினமும் சொல்வாளே. நொண்டியடிச்சுக்கிட்டே வருவா. எப்பவும் ஒரு செருப்பு கையில இருக்கும்." அவர் தாளைக் காட்டினார். "இதை எழுதினது யாரு?"

"எங்கம்மா. மிண்டா."

"மிண்டாவா! பெஷ்காவோட அக்காவா? அவ உயிரோட இருந்தாளா? இங்கயா?"

அறையில் யாரும் கேக்கைத் தொடவில்லை. நோரீன் எழுந்து போய் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவளுடைய முட்டி அதற்குச் சம்மதிக்காது என்று எனக்குத் தெரியும்.

"சொல்லுங்க மாமா. பெஷ்கா நிஜமா? எனக்குச் சித்தியா?"

அவர் சொன்னார். சின்ன ஊர். இவர் அப்பா செருப்புத் தைப்பவர். இவருக்கு அப்போது பதினைந்து வயது, பெஷ்காவுக்குப் பதினேழு. தாய் தகப்பன் இல்லாத அக்கா தங்கச்சி. "ஜெர்மன்காரன் குண்டு போட ஆரம்பிச்ச மறுநாளு. கிழக்கே போற ரயில் ஒண்ணு நிக்குதுன்னு ஊரே ஸ்டேஷனுக்கு ஓடுது. இவ மட்டும் எதிர்ப்பக்கமா எங்க கடைக்கு ஓடி வரா. குதிகால் கழண்டுபோச்சு. 'எவ்வளவு தூரம் நடக்கணுமோ தெரியலை, ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க. அக்கா ரயில்ல இருக்கா'ன்னா. பத்து நிமிஷம்னார் அப்பா. ஆணி எடுத்துக் குடுக்கறது என் வேலை. பதட்டத்துல ஆணிப் பெட்டியைக் கொட்டிட்டேன். தேடித் தேடிப் பொறுக்கினேன். பத்து நிமிஷம் இருபது நிமிஷமாச்சு."

எழுபத்து மூன்று வருடமாக இந்த மனிதர் எல்லா இடத்துக்கும் ஏன் முக்கால் மணி நேரம் முன்னால் போய் நிற்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவரைக் கேலி செய்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்புறம்?" என்றாள் நோரீன்.

"ஓடினா. ரயில் போயிருச்சு. திரும்பி எங்க கடைக்கு வந்தா. அழுவான்னு பார்த்தேன். சிரிக்கிறா. 'பரவாயில்லை, நாளைக்கு வேற ரயில் வரும். அக்கா எனக்கு இடம் பிடிச்சு வச்சிருப்பா'ன்னா." லேய்சர் கண்ணாடியைக் கழற்றினார். "மறுநாள் மாமா வண்டியில நான் கிளம்பிட்டேன். வண்டியில இன்னொருத்தருக்கு இடமில்லை. ரயிலும் வரலை. ஜெர்மன்காரன் வந்தான். போர் முடிஞ்சு திரும்பிப் போனேன். ஒருத்தரும் இல்லை."

நோரீன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம் பேசினாள், சாலையில் குறுக்கே வந்தவனிடம் பேசுகிற குரலில்.

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷம் நீங்க ரெண்டு டிராம் ஸ்டாப் தள்ளி இருந்திருக்கீங்க! அவ ஏன் வரலைன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது. கோவிச்சுக்கிட்டாளா, வழி மறந்தாளா, தெரியாது. அதனாலதான் மாசா மாசம் உக்காந்து ஒரு காரணம் கண்டுபிடிச்சிருக்கா. ஆடு, பல் டாக்டர், வாத்து! நிஜக் காரணத்தை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு நீங்க திங்கட்கிழமைப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்களா? ஒரே கடையிலதானே ரொட்டி வாங்கினீங்க?"

"நாங்க வியாழக்கிழமை வாங்குவோம்" என்றார் லேய்சர், குழந்தை மாதிரி. "வெள்ளிக்கிழமைக் கும்பல் வெள்ளிக்கிழமை வரும்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். நான்தான். பிறகு நோரீனும் சிரித்தாள், லேய்சரும் சிரித்தார், மூன்று பேரும் சிரித்துக்கொண்டே அழுதோம். இப்படி ஒரு முட்டாள்தனம் எங்களைத் தவிர வேறு எந்தக் கூட்டத்துக்கும் வாய்க்காது.

அன்று மாலை நோரீன் சமையலறையில் கதைகளை மேசை முழுக்கப் பரப்பினாள். ஒன்றை எடுத்து என் முன்னால் தள்ளினாள். பெஷ்கா தன் அக்காவிடம் சண்டை போடுகிற கதை. "அம்மா பேர் எனக்கு. என் மகளுக்கு வைப்பேன். நீ தொடக் கூடாது" என்கிறாள் பெஷ்கா. போன மாதம் இதை வாசித்து நாங்கள் சிரித்திருந்தோம்.

"பார்த்தியா?" என்றாள் நோரீன். "எங்க பாட்டி பேரை எனக்கு வைக்கலை, அது தங்கச்சிக்குன்னு பேசி வச்சது. தங்கச்சி பேரையும் வைக்கலை. வச்சா அவ செத்துட்டான்னு ஆயிடும். என்மேல கோவமில்லை ஜெனியா. அவளுக்கு மனசு வரலை. அவ்வளவுதான்."

"அறுபத்து மூணு வயசாச்சு உனக்கு இது புரிய" என்றேன். வேறு என்ன சொல்வது?

"இப்ப நான் என்ன செய்யட்டும்? அம்மா முந்நூத்திப் பன்னிரண்டு தடவை அவளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கா. நான் அந்தப் பேரைக் குழந்தைக்கு வச்சா, இனிமே அவ வரமாட்டான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அம்மா செய்யாததை நான் எப்படிச் செய்யறது?"

தேடிய நிஜப் பெயர் கையில் வந்து விழுந்துவிட்டது. அதைத்தான் வைக்க முடியவில்லை. இரண்டு வாரம் இப்படியே போயிற்று. குழந்தை பிறக்க வேண்டிய நாளும் வந்து போயிற்று. ஐந்து நாள் தாண்டியது. ஏழு நாள். ஒன்பதாம் நாள் யானா ஃபோன் செய்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது: "டாக்டர் திட்டறாரும்மா. இவ வர்ற வழியைக் காணோம். என்ன சாக்கு சொல்லப் போறாளோ!"

நோரீன் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஃபோனை வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பிறர் எழுதியதைப் பெயர்த்தே பழகியவள், முதல் தடவையாக இத்திஷில் சொந்தமாக எழுதினாள். ஒரே பக்கம். முந்நூற்றுப் பதின்மூன்றாவது கதை. அதில் ஆடும் வாத்தும் இல்லை. ஒரு குதிகால், ஒரு ஆணிப் பெட்டி, பயந்துபோன ஒரு பையன். அம்மாவுக்குத் தெரியாமல் போன அந்த ஒரு காரணம். கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தாள்.

மறுநாள் காலை குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மன்றத்தில் நூறு பேர். முட்டை வெங்காயக் கலவை, மீன் உருண்டை, என் சீஸ் கேக். யாரும் பாராட்டவில்லை. லேய்சர் காலை ஒன்பதுக்கே வந்துவிட்டதாகக் காவலாளி சொன்னான். நிகழ்ச்சி பதினொன்றுக்கு. முதல் வரிசையில் நோரீனுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான் உட்காரப் போனேன். நாற்காலியில் ஒரு பழுப்புக் கைப்பை.

"எடுடி, கால் வலிக்குது" என்றேன்.

"யாரோ வராங்க" என்றாள் நோரீன்.

ஐம்பத்தெட்டு வருடத் தோழமை. ஒரு கைப்பைக்காக என்னை நிற்க வைத்தாள். நானும் நின்றேன்.

பதினொன்றேகால் ஆயிற்று. பதினொன்றரை. யானாவையும் காணோம், குழந்தையையும் காணோம். பசியில் கூட்டம் முணுமுணுத்தது. யாரோ பின்னாலிருந்து, கதையையாவது வாசியுங்கள் என்று கத்தினார்கள். நோரீன் தாளை எடுத்து, நின்று, நிதானமாக வாசித்தாள். ஆணிப் பெட்டி வந்த இடத்தில் லேய்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஒரு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டே மிச்சத்தை வாசித்தாள். "அக்கா இடம் பிடிச்சு வச்சிருப்பா" என்பதோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"முடிக்கலையா?" என்று கேட்டார் லேய்சர்.

"பெஷ்கா வரட்டும்" என்றாள்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு படாரென்று திறந்தது. யானா, தலை கலைந்து, சட்டையில் பால் கறையோடு, வழியிலேயே சாக்குச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள். கையிலிருந்த துணிப்பொட்டலம் ஊரைக் கூட்டும் குரலில் அலறியது. ஒரு காலில்தான் காலுறை இருந்தது.

நோரீன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.